விறகுக் கட்டின் கயிறு: மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் நீச்சல் பழக்கிய மூன்று வருடங்கள்

முதல் வருடம் எங்களிடம் நீச்சல் பழகிய பிள்ளைகளில் ஒருவன், நான்கு மாதம் கழித்து நீர்த்தேக்கத்தில் மூழ்கப் பார்த்தான். பன்னிரண்டு வயது. ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு மத்தியானம் கூட்டாளிகள் இரண்டு பேருடன் மீன் பிடிக்கப் போயிருக்கிறான். தூண்டில் எதிலோ மாட்டிக்கொண்டது. "எனக்குத்தான் நீந்தத் தெரியுமே" என்று சொல்லி, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினானாம். அந்தத் தைரியத்தை அவனுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்.

அவன் பிழைத்ததில் எங்களுக்குப் பங்கில்லை. விறகு சேர்த்துக்கொண்டு அந்தப் பாதையால் வந்த ஓர் அக்கா, தலைச்சுமையைக் கீழே போட்டு, கட்டை அவிழ்த்துக் கயிற்றை உருவி, நுனியில் ஒரு விறகுத் துண்டைக் கட்டி எறிந்திருக்கிறார். இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை அந்த விறகுத் துண்டு பையனுக்குப் பக்கத்தில் போய் விழ, அவன் பிடித்துக்கொண்டான். அந்த அக்காவுக்கு நீந்தத் தெரியாது. தானும் இறங்கினால் இரண்டு உயிர் போகும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

இலங்கை மலையகத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று விடுமுறைக்கு வந்து போகும் தொண்டர் குழுக்கள் இன்று நிறைய. விளையாட்டு, ஆங்கிலம், கணினி, சித்திரம் என்று ஏதோ ஒன்று. எங்களுடையதும் அப்படி ஒரு குழுதான். நாங்கள் விட்ட பிழை அவர்களுக்காவது பயன்படட்டும் என்றுதான் ஒளிக்காமல் எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன். ஊர் சின்னது, பையன் இன்னும் பள்ளிக்கூடம் போகிறவன்.

லயத்துக்குக் கீழே தண்ணீர்

1960களின் இறுதியில் மஸ்கெலியா ஓயா என்ற ஆற்றை மறித்து மவுசாக்கலை அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. வரட்சியில் நீர் நன்றாக இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும், சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். அதற்குச் சில வருடம் முன்னால் கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீ அணை வந்தது. இரண்டுமே மின்சாரத்துக்காகக் கட்டியவை. இந்த நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள மலைகளெல்லாம் தேயிலை. தேயிலைக்கு நடுவே லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பல லயங்களின் வாசலில் நின்றால் கீழே தண்ணீர் பளபளக்கும்.

சுற்றுலாப் படங்களில் மிக அழகான இடம்தான். ஆனால் நீந்தத் தெரியாதவனுக்கு இதைவிட மோசமான கரை கிடையாது. குளமென்றால் கரையிலிருந்து மெல்ல மெல்ல ஆழமாகும். இங்கே அப்படியில்லை. மலைச்சரிவை அப்படியே வைத்து நீரை நிரப்பியதுதான் நீர்த்தேக்கம். ஆகவே மேலே எவ்வளவு சரிவோ, நீருக்கடியிலும் அவ்வளவு சரிவு. ஒரு காலடி முழங்காலளவு, அடுத்த காலடியில் ஆள் மட்டம். போதாததற்கு, மின்சாரத்துக்கு நீர் போகப் போக மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் பிள்ளைகள் நின்று விளையாடிய மேடு இந்த மாதம் எங்கே என்றே தெரியாது. இறங்கிய கரை முழுக்கச் செம்மண் சேறு. வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒரு புல் இருக்காது.

இப்படிப்பட்ட இடத்தில் பிறந்து வளரும் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே நீர்ப் பாதுகாப்புப் பாடம் "தண்ணிக்கிட்ட போகாத" என்பதுதான். அம்மாக்களைக் குறை சொல்ல முடியாது. காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் மாலையில்தான் வீட்டுக்கு வருகிறார்கள். ஆனால் பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கம் போகத்தான் செய்வார்கள். மீனுக்குப் போவார்கள், விறகுக்குப் போவார்கள், உடுப்புத் துவைக்க அக்காவோடு போவார்கள்.

முதல் வருடம்

நாங்கள் ஒன்பது பேர். கொழும்பிலும் கண்டியிலும் வேலை செய்பவர்கள், ஹட்டனில் இருக்கும் இரண்டு ஆசிரியர்கள். இரண்டு பேரிடம் உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தது. நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு லயத்தில் பிறந்து, கொழும்புக்கு வந்த பிறகு 24 வயதில் நீச்சல் பழகியவன். ஆகவே இந்த வேலை எனக்குச் சொந்த விஷயம்.

ஏப்ரல் விடுமுறையில் ஐந்து நாள். ஒரு விடுதி தன் நீச்சல் தடாகத்தைக் காலை நேரத்தில் இலவசமாகத் தந்தது. தினமும் வேனில் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். நீலத் தரை ஓடு, அடி வரை தெரியும் தண்ணீர், சுற்றிலும் பிடிக்கக் கம்பி, ஆழம் எவ்வளவு என்று எழுதிய பலகை. முதல் நாள் கால் வைக்கவே அழுத பிள்ளைகள் ஐந்தாம் நாள் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குக் கையையும் காலையும் அடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். கைதட்டினோம், படம் எடுத்தோம், எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தோம். மிதவைப் பலகைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு மனநிறைவோடு பஸ் ஏறினோம்.

அந்தச் சான்றிதழ்தான் பெரிய பிழை. ஐந்து நாளில் ஒரு பிள்ளை நீந்தப் பழகாது. தண்ணீருக்குப் பயப்படாமல் இருக்கத்தான் பழகும். பயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திறமையை வைக்காமல் வந்துவிட்டோம். நின்றால் தரை எட்டும் தடாகத்தில் பழகியவனுக்கு, கால் எட்டாத கலங்கல் நீரில் என்ன ஆகும் என்று நாங்கள் யோசித்தே பார்க்கவில்லை. வீட்டிலும் யாருக்கும் எதுவும் தெரியாது. வாரநாட்களில் வகுப்பு வைத்ததால் ஒரு பெற்றோராலும் வர முடியவில்லை. ஒரு நாள் வந்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலைப் பதிவு, போய்விடும். அந்தப் பேருக்குத்தான் சம்பளம். தங்கள் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைச் சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்துத்தான் அவர்கள் தெரிந்துகொண்டார்கள். அதில் "நீச்சல் கற்றுக்கொண்டார்" என்று எழுதியிருந்தது.

செய்தி வந்த அன்று இரவு எங்கள் குழுவில் இரண்டு பேர் இனி இந்த வேலையே வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. விட்டுவிட்டால் மிச்சப் பிள்ளைகளும் அதே அரைகுறைத் தைரியத்தோடு அந்தக் கரையில்தான் இருப்பார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பனிநாட்டிலிருந்து வந்த தம்பி

எங்களுக்கு வழி காட்டியவர் தண்ணீரோடு சம்பந்தமில்லாத ஒருவர். 1977 கலவரத்தில் அவருடைய குடும்பம் மலைநாட்டை விட்டு வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து பிற்பாடு கனடாவுக்குப் போனது. அப்பா பிறந்த லயத்தைப் பார்க்க வந்தவர் ஹட்டனில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கினார். கனடாவின் வடக்கே, பாதை போகாத கிராமங்களில் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்குப் பழக்கும் தொண்டராகச் சில வருடம் போய் வந்தவர்.

பனியிலேயே பிறந்த பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். "தண்ணி ஓரத்துல பொறந்த பிள்ளைங்களுக்கு நீங்க நீச்சல் சொல்லிக்கொடுக்கலையா அண்ணே?" என்றார்.

அவர் சொன்ன முதல் பாடம் இன்றும் எங்கள் முதல் பாடமாக இருக்கிறது. பனிச்சறுக்கில் முதலில் பழக்குவது சறுக்குவதை அல்ல, விழுந்து எழும்புவதை. என் மகளின் அடிமட்டங்கள் இரண்டை மேசையில் வைத்துக் காட்டினார். பக்கவாட்டில் விழு, இரண்டு பலகையையும் சரிவுக்குக் குறுக்கே ஒன்றாகச் சேர், முழங்காலில் நில், பிறகு எழும்பு. சமவெளிப் பனிச்சறுக்கில் சப்பாத்தின் நுனி மட்டும்தான் பலகையில் பூட்டியிருக்கும், குதிகால் மேலே எழும்பும். அதனால் நடக்கிற மாதிரியே போகலாம். பலகையின் அடியில் மீன் செதில் மாதிரி வரி இருக்கும், மேட்டில் ஏறும்போது பின்னால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் ஊன்றுகோல் கொடுக்க மாட்டார்கள். ஓடிப்பிடித்து விளையாட விட்டுவிடுவார்கள். விழுவது பயமில்லை என்று உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்புறம் இனுவிக் என்ற ஊரின் கதையைச் சொன்னார். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே உள்ள ஊர். மார்கழி மாதத்தில் ஒரு மாதம் அளவுக்குச் சூரியனே எழும்பாது. 1960களில் ஷான்-மரி மூஷே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான பனிச்சறுக்குப் பயிற்சித் திட்டத்துக்கு வழிகாட்டினார். அந்தத் திட்டத்திலிருந்து வந்தவர்கள்தான் ஷேரன் ஃபர்த், ஷர்லி ஃபர்த் என்ற இரட்டைச் சகோதரிகள், க்விச்சின் இனத்துப் பெண்கள். 1972இல் சப்போரோவில் தொடங்கி 1984 வரை தொடர்ந்து நான்கு குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவுக்காகப் போட்டியிட்டார்கள். மூஷே வடக்கில் பல பத்து வருடம் வாழ்ந்தவர். ஒரு வாரம் வந்துவிட்டுப் போனவரல்ல.

அலாஸ்காவில் 2012இல் தொடங்கிய ஒரு முயற்சி இன்று ஸ்கிக்கு என்ற பெயரில் நடக்கிறது. இனுப்பியாக் மொழியில் சிக்கு என்றால் பனிக்கட்டி. பாதையில்லாத கிராமங்களுக்குத் தொண்டர்கள் சிறிய விமானத்தில் போய் ஒரு வாரம் பழக்குகிறார்கள். அதுவும் ஒரு வாரம்தானே என்று கேட்டேன். ஒரு வாரம்தான், ஆனால் பலகைகள் கிராமத்திலேயே இருக்கும் என்றார். தான் போன கிராமம் ஒன்றில் பலகை வைத்த அறையின் சாவி, பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்பவரிடம் இருந்ததாம். அந்த மனுசனுக்கே சறுக்குவதில் பெரிய ஆசை. மாலையில் வேலை முடிந்து அவர் கிளம்பினால் பின்னால் பத்துப் பிள்ளைகள் கிளம்பும். தொண்டர்கள் அடுத்த வருடம் போனபோது பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து எவ்வளவோ தூரம் போயிருந்தார்களாம். சாவி அதிபரிடம் இருந்த இன்னொரு கிராமத்தில் பலகைகள் வைத்தபடியே இருந்தனவாம்.

எனக்குச் சுரீர் என்றது. மறுநாளே எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டேன். நாங்கள் கொடுத்த மிதவைப் பலகைகள் அலுமாரியில் பத்திரமாக, உறை கூடப் பிரிக்காமல் இருந்தன. தொலைந்தால் பொறுப்புச் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். கொடுத்தபோது யார் எடுக்கலாம், எப்போது எடுக்கலாம் என்று நாங்கள் ஒரு வார்த்தை பேசியிருந்தால்தானே.

தம்பி இன்னொன்றும் சொன்னார். அந்தக் கிராமங்களில் வெளியாட்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வருகிறோம் என்றால் பெரியவர்கள் முகம் இறுகிவிடும். கனடாவில் ஒன்றரை இலட்சம் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த வரலாறு அவர்களுக்குப் பின்னால் இருக்கிறது. பாடசாலையைப் பற்றியே ஒரு காயம். அதனால் முதல் இரண்டு நாள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களோடு தேநீர் குடியுங்கள் என்று புதிய தொண்டர்களிடம் சொல்வாராம். எங்கள் காயம் வேறு. ஆனால் கமெராவோடு வந்து, பிள்ளைகளோடு படம் எடுத்து, திரும்பி வராமல் போனவர்களைத் தோட்டத்து ஆட்களும் நிறையவே பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாம் வருடம்

முதலில் அந்த அக்காவைத் தேடிப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க சொல்லிக்கொடுத்தது தப்பில்லீங்க. பாதியில விட்டுட்டுப் போனதுதான் தப்பு" என்றார். அவ்வளவுதான் பேசினார். நாங்கள் எழுதிய எந்த அறிக்கையிலும் அந்தப் பிழையை இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. கயிறு எறிவதைப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டோம். வெட்கப்பட்டுச் சிரித்தார். மூன்றாவது தடவை போனபோது சரி என்றார்.

இடத்தை மாற்றினோம். தடாகமும் வேண்டாம், நீர்த்தேக்கமும் வேண்டாம். லயத்துக்கு மேலே ஓடையில், உடுப்புத் துவைக்கும் கல்லுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு தட்டையான பள்ளம் இருந்தது. தோட்டத் தலைவர் நிர்வாகத்திடம் பேசி அனுமதி வாங்கித் தந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பிளைகள் எல்லாம் சேர்ந்து மண் மூட்டை அடுக்கி நீரை இடுப்பளவுக்குத் தேக்கினார்கள். வங்காளதேசத்தில் கிராமக் குளங்களுக்குள் மூங்கில் மேடை கட்டி ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறார்கள். அந்த மாதிரியே நாலு பக்கமும் மூங்கில் நட்டு, குறுக்கே கம்பு கட்டினோம். ஒவ்வொரு மூங்கிலிலும் சிவப்புப் பெயின்டில் கோடு: இந்தக் கோட்டுக்கு மேலே தண்ணீர் வந்தால் அன்று வகுப்பு இல்லை.

ஓடையைப் பற்றி எங்களுக்குத் தெரியாததை ஒரு தாத்தா சொன்னார். மேல் மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். வருவதற்கு முன்னால் தண்ணீர் லேசாகக் கலங்கும், காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வரும். "எலை வந்தா ஏறிடு" என்றார். அதுவே எங்கள் சட்டம். இதுவரை இரண்டு தடவை அந்தச் சட்டத்தால் பிள்ளைகளை மேலே ஏற்றியிருக்கிறோம். இரண்டாவது தடவை கடைசிப் பிள்ளை ஏறிக் கொஞ்ச நேரத்தில் மூங்கில் வேலியே போய்விட்டது. மறுபடி கட்டினோம்.

நேரத்தையும் மாற்றினோம். ஞாயிறும் பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் மட்டும், காலை பத்து மணிக்கு மேல், வெயில் தண்ணீரில் விழுந்த பிறகு. மலைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு பிள்ளையும் உள்ளே நிற்கக்கூடாது. உதடு நீலித்தால் அதற்கு முன்னாலேயே வெளியே. கரையில் கம்பளியும் சுடச்சுடத் தேத்தண்ணியும் தயாராக இருக்கும். அட்டைக்கு உப்பும் இருக்கும். கரையில் ஒருவர் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருப்பார். அவருக்கு வேறு வேலை கிடையாது, கையில் போன் இருக்கக்கூடாது. மூழ்குகிற பிள்ளை சத்தம் போடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். போடாது. வாய் தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே இருக்கும்போது சத்தம் எப்படி வரும்? அமைதியாகத்தான் போகும். கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெண் பிள்ளைகள் வருவது சுலபமாக இருக்கவில்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அனுப்ப அம்மாக்கள் தயங்கினார்கள். முழுக்காற்சட்டையும் தளர்ந்த டீசேட்டும் போதும், தண்ணீருக்குள் பெண்கள்தான் நிற்பார்கள், அம்மாக்கள் கரையிலேயே இருக்கலாம் என்று பேசி முடித்தோம். உடுப்போடு பழகுவது ஒரு விதத்தில் நல்லதும்கூட. தவறி விழும்போது யாரும் நீச்சல் உடுப்போடு விழுவதில்லை.

பாடத்தின் வரிசை தலைகீழானது. முதல் பாடம் கயிறு. அந்த அக்கா கரையில் நின்று, விறகுத் துண்டு கட்டிய கயிற்றைப் பிள்ளைகளின் தலைக்கு மேலே அந்தப் பக்கம் எறிந்து, கைக்கு இழுத்துக் கொடுத்தார். நேரே ஆளைக் குறிபார்த்தால் தவறும், தாண்டி எறிந்து இழுத்தால் கைக்கு வரும் என்பதை அன்று மத்தியானம் அவரே கண்டுபிடித்திருந்தார். உயிர்காப்புப் பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்ததும் இதுதான். விறகுத் துண்டுக்குப் பதிலாக வெற்று ஐந்து லீற்றர் கேன் கட்டினோம், மிதக்கும், தலையில் பட்டாலும் காயமில்லை. கம்பு நீட்டு, கயிறு எறி, சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடு, நீ இறங்காதே. நான்கு வாரம் இது மட்டும்தான். நீச்சல் எப்போது என்று பிள்ளைகள் சலித்துக்கொண்டார்கள்.

பிறகு, விழுந்து எழும்புவது. தண்ணீரில் அதற்குச் சமம், மிதந்து நிற்பது. மல்லாந்து படுத்த பிள்ளையை எப்படி மீண்டும் காலில் நிற்க வைப்பது? முழங்காலை நெஞ்சுக்கு மடக்கு, கையால் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னுக்கு அள்ளு, தலையைத் தூக்கு, கால் தானாகக் கீழே போகும். இது தெரியாத பிள்ளை மிதக்கவே சம்மதிக்காது. படுத்தால் எழும்ப முடியுமோ என்ற பயம்தான் உடம்பை இறுக்கி மூழ்கடிக்கிறது.

தரம் 5 படிக்கும் ஒரு சின்னவள் ஆறு வாரமாகத் தலையைத் தண்ணீரில் வைக்கவே இல்லை. கழுத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே இருப்பாள். ஒரு ஞாயிறு எங்கள் ஹட்டன் டீச்சர் அவள் பிடரியில் ஒரு கையும் முதுகில் ஒரு கையும் வைத்து, "காத நனை, வானத்தப் பாரு, அந்த மேகம் எங்க போகுதுன்னு சொல்லு" என்றார். சின்னவள் காதை நனைத்தாள். கொஞ்ச நேரம் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பிறகு கண்ணை அகல விரித்து, "டீச்சர், கீழ கல்லு உருளுற சத்தம் கேக்குது" என்றாள். ஓடையின் அடியில் கூழாங்கல் ஒன்றோடொன்று உரசும் சத்தம், காது நீருக்குள் போனால்தான் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். டீச்சர் முதுகிலிருந்த கையை எடுத்ததை அவள் கவனிக்கவில்லை. கரையிலிருந்த அவள் அம்மா எழும்பி நின்றுவிட்டார். அன்றைக்கு மற்றப் பிள்ளைகளுக்கும் கல் உருளுவதைக் கேட்க ஆசை வந்துவிட்டது. ஒரு மாதத்தில் நாங்கள் செய்ய முடியாததை அந்தக் கல் ஒரு மணி நேரத்தில் செய்தது.

சான்றிதழ் இல்லை. வங்காளதேசத்தில் வைத்திருக்கும் அளவையே எடுத்துக்கொண்டோம்: முப்பது விநாடி மிதக்க வேண்டும், 25 மீற்றர் போக வேண்டும். எங்கள் பள்ளத்தின் நீளத்துக்கு அது பல தடவை திரும்பி வரும் தூரம். பெரும்பாலான பிள்ளைகள் அந்த வருடம் அதைத் தொடவில்லை. தொடாத பிள்ளையின் அம்மாவிடம் "இன்னும் தெரியாது" என்று நேரே சொன்னோம். அந்த அம்மா அதைக் கரையிலிருந்து தன் கண்ணாலேயே பார்த்திருந்ததால் கோபிக்கவில்லை.

இன்னொரு பாடம் பெரியவர்களுக்கு. தண்ணீரிலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எங்கள் பக்கம் பழக்கம். அதில் நேரம்தான் போகும், வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. மூழ்கிய பிள்ளைக்கு இல்லாதது காற்று. ஆகவே மூச்சில்லையென்றால் முதலில் வாயால் மூச்சுக் கொடுக்க வேண்டும், பிறகு நெஞ்சை அமுக்கி, மாறி மாறித் தொடர வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வரும்வரை விடக்கூடாது. தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் ஒரு பொம்மையை வைத்துப் பழக்கினோம். பிள்ளை மடுவத்து ஆயாம்மா எல்லாரையும்விடக் கெட்டிக்காரராக இருந்தார்.

மூன்றாம் வருடமும் இப்போதும்

மூன்றாம் வருடம் ஒன்பது பேரில் இரண்டு பேர்தான் மாதம் ஒரு தடவை போனோம். மற்ற ஞாயிறுகளை அந்த அக்காவும், பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சரும், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த இரண்டு பெண் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டார்கள். அக்கா அந்த வருடம் தானும் மிதக்கப் பழகினார், 41 வயதில். மிதவைப் பலகைகள் இருக்கும் அலுமாரியின் சாவி அவர் வீட்டுச் சுவாமிப் படத்துக்குக் கீழே தொங்குகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. 14, 15 வயதுப் பையன்கள் வருவதில்லை. சின்னப் பிள்ளைகளோடும் பெண்களோடும் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க அவர்களுக்குக் கூச்சம். ஆனால் நீர்த்தேக்கத்துக்கு அதிகம் போகிறவர்கள் அவர்கள்தான். தோட்டத்து இளைஞர்கள் பலர் கொழும்பில் கடைகளில் வேலை செய்வதால், பையன்களுக்கு முன்னால் நின்று பழக்க ஓர் அண்ணன் கிடைக்கவில்லை. இதற்கு இன்னும் வழி தெரியவில்லை. விளையாட்டு டீச்சருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. இன்னொருவர் அந்த இடத்துக்கு வர எத்தனை மாதமாகுமோ.

2021இல் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே வருடம்தான் ஜூலை 25ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக ஐ.நா. அறிவித்தது. எங்களை வேறு ஐந்து தோட்டங்களுக்கும் வரச் சொன்னார்கள். இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டோம். ஒரு வாரத்தில் ஐந்து தோட்டத்தை முடித்துவிடலாம் என்ற நினைப்பில்தான் முதல் தடவை ஏமாந்தோம். அவர்களாக ஆள் அனுப்பினால் இந்த அக்காவிடம் வந்து ஒரு வருடம் பழகிப் போகட்டும் என்று கேட்டிருக்கிறோம். ஒரு தோட்டத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள்.

நீரில் மூழ்க இருந்த பையன் இப்போது கரையில் எண்ணுகிற வேலை செய்கிறான். தண்ணீரில் இறங்க இன்னும் மனமில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

போன மாதம் அக்காவிடம் அடுத்து என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டோம். மிதவைப் பலகையோ நீச்சல் உடுப்போ கேட்பார் என்று நினைத்தோம். கயிறு கேட்டார். விறகுப் பாதை நீர்த்தேக்கத்தைத் தொடும் இடம் ஆறு இருக்கிறதாம், ஆறிலும் ஒரு மரத்தில் கயிறும் கேனும் தொங்க வேண்டுமாம். ஹட்டன் கடைவீதியில் அவரையே கூட்டிக்கொண்டு போனோம். கடைக்காரர் காட்டிய நைலோன் கயிற்றை அவர் வாங்கிக் கையில் நனைத்துப் பார்த்தார். வழுக்கியது. மிதக்கிற கயிறு வேண்டும், கொஞ்சம் தடிப்பாக வேண்டும் என்றார். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பாகம், தன் கையாலேயே விரித்து அளந்து வெட்டச் சொன்னார். பஸ் வரும்வரை ஸ்டாண்டில் உட்கார்ந்து, நனைந்த கை பிடிக்க வசதியாக, ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.